‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய, ஜூனில் புதிதாகப் பாட்டு டீச்சர் வேலையில் சேர்ந்தவர்களுடையவை. முதல் இரண்டு மாதம் உற்சாகத்தில் ஓடிவிடும், காலாண்டுத் தேர்வு முடிந்ததும்தான் வேலையின் நிஜமான கனம் தோளில் இறங்கும். இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட கொயரை நடத்தியவள் என்ற முறையில் இந்த முறை முழுக்க அவர்களுக்கே பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

“ஒரு மெட்ரிக் பள்ளியில் மியூசிக் டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். வயது 24. சர்ச் கொயரில் பத்து வருஷம் சோப்ரனோ (பெண்களின் மேல்குரல்) பாடியதை நம்பித்தான் வேலை கொடுத்தார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை 54 பிள்ளைகள். கிறிஸ்மஸுக்கு நான்கு குரலில் ஐந்து கேரல் வேண்டும் என்கிறார்கள். எனக்கோ ஒரு குரலே சேரவில்லை. ஏழெட்டுப் பேர் சுருதிக்கே வரவில்லை. அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி வாயசைக்கச் சொல்லிவிடு என்கிறார் ஒரு சீனியர் டீச்சர். என்ன செய்யட்டும்?” (வாசகி, நாகர்கோவில்)

என் மகள் வயது உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். வாயசைக்கச் சொல்லாதே மா. யார் சொன்னாலும் சொல்லாதே.

நான் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். என் முதல் வருஷம், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நல்ல கணீர் குரல், ஆனால் எல்லோரும் பாடும் ஸ்வரத்துக்கு மூன்று ஸ்வரம் கீழேயே ஒரே கோட்டில் பாடுவான். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ வாயை மட்டும் அசை, சரியா” என்றேன். சரி டீச்சர் என்றான். அன்று மேடையில் அவன் வாய் மற்ற எல்லோரையும் விடத் தெளிவாக அசைந்தது, ஒவ்வொரு எழுத்துக்கும், ஒரு மெய்யெழுத்துகூட விடவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. அவன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் அவன் கொயருக்கு வரவில்லை. அதற்கப்புறம் எந்த வருஷமும் வரவில்லை.

சுருதி சேராத பிள்ளைக்குக் காது கெட்டுப்போயிருக்கிறது என்று நினைக்காதே. பெரும்பாலும் அந்தப் பிள்ளை பேசுகிற குரலிலேயே பாடிக்கொண்டிருக்கும். பாடுகிற குரல் என்று தனக்குள் இன்னொன்று இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். நீ என்ன செய்ய வேண்டும் என்றால், உன் ஸ்வரத்துக்கு அதை இழுக்காமல் அதன் ஸ்வரத்துக்கு நீ இறங்கிப் போக வேண்டும். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு (மற்ற பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் வேண்டாம்), “உனக்குப் பிடித்த ஒரு சத்தத்தில் ஊ என்று நில்” என்று சொல். அது எங்கே நிற்கிறதோ அங்கே நீயும் போய் நில். இரண்டு குரலும் ஒட்டும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார், கண் ஒரு மாதிரி விரியும், ஏனென்றால் சேர்வது என்றால் என்ன என்பதை அது வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறது. அங்கிருந்து அரைக் கட்டை (கீபோர்டில் அடுத்த கீ) மேலே போ, கூட வரச் சொல். அப்புறம் இன்னொரு அரைக் கட்டை. குயில் கூவுகிற மாதிரி, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி கீழிருந்து மேலே வழுக்கச் சொல், பாடச் சொன்னால் வராத மேல்குரல் விளையாட்டில் வந்துவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் போதும். சிலர் மூன்று வாரத்தில் வந்துவிடுவார்கள், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். ஆகட்டும்.

அடுத்தது, நீ எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறாய்? உன் கடிதத்தில் அது இல்லை, ஆனால் என் சந்தேகம் முழுக்க அங்கேதான். பெண் டீச்சர்கள் பழக்கத்தில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் ஸ பிடித்துவிடுகிறோம். கீபோர்டில் நடு ‘சி’ ஒரு கட்டை, அதற்குக் கீழே இருக்கிற ‘ஜி’தான் நம் ஐந்து கட்டை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பாதாளம். உறுமுவார்கள், இல்லை கத்துவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு வசதியான இடம் நடு ‘சி’க்கு ஒரு ஸ்வரம் மேலே தொடங்கி அங்கிருந்து ஒரு ஸ்தாயி. அதாவது இரண்டு கட்டையில் ஸ வைத்தால் மேல் ஸ வரை சிரமமில்லாமல் போய் வருவார்கள். நாளைக்கே கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி அதே பாட்டை இரண்டு கட்டைக்குக் கொண்டுபோய்ப் பார். உன் ஏழெட்டுப் பேரில் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆண் வாத்தியார்களுக்கு வேறு தொல்லை, அவர்கள் பாடிக் காட்டும் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே கேட்கும், பிள்ளைகள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் குழம்புவார்கள். ஏற்கெனவே சரியாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடிக் காட்டச் சொல்வது நல்லது.

நான்கு குரல் விஷயம். நிர்வாகத்திடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடு: ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளிடம் டெனரும் பேஸும் (வளர்ந்த ஆண்களின் குரல்கள்) கிடையாது. கிட்டத்தட்ட எல்லாமே மேல்குரல். சர்ச்சில் பாடுகிற சோப்ரனோ, ஆல்டோ, டெனர், பேஸ் தாளை அப்படியே கொடுத்தால் கீழ் இரண்டு வரியைப் பாட ஆளில்லை. இரண்டு குரல் முடியும், கீழ்க்குரல்களின் வேலையை பியானோவின் இடதுகை பார்த்துக்கொள்ளும். இரண்டு குரலுக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது, சரளி வரிசை, கர்நாடக சங்கீதத்தில் முதலில் கற்றுத்தரும் ஸ்வரப் பயிற்சி.

சிரிக்காதே, செய்து பார். சங்கராபரணத்தில் ஸரிகமபதநிஸ் என்று ஒரு குழு ஏறட்டும், கேரல்கள் பெரும்பாலும் நிற்பது அந்த ஸ்வரங்களில்தான். முதல் குழு க-வுக்கு வரும்போது இரண்டாவது குழு ஸ தொடங்கட்டும். அவர்கள் ம, இவர்கள் ரி. அவர்கள் ப, இவர்கள் க. பிள்ளைகள் தாங்கள் பாடுவது சரளி வரிசை என்று நினைத்துக்கொண்டே ஹார்மனி (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் வெவ்வேறு ஸ்வரங்கள்) பாடிக்கொண்டிருப்பார்கள். மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு குழு மேல் ஸவிலும் மற்றது நியிலும் இரண்டு அட்சரம் (எண்ணிக்கை) உரசும், அப்போது நிறையப் பேர் பயந்து அடுத்த குழுவின் ஸ்வரத்துக்குத் தாவிவிடுவார்கள். அங்கே நிறுத்து. அந்த உரசலை வேண்டுமென்றே நான்கு எண்ணிக்கை பிடித்து நிற்கச் சொல், அப்புறம் இறங்கட்டும். அந்த உரசலில் நகராமல் நிற்கப் பழகின பிள்ளை எந்த ஆல்டோ (இரண்டாவது குரல்) வரியையும் பாடும். இதற்கு முன்னால் ஒரு வாரம், பாதிப் பேர் ஸவைப் பிடித்து நிற்க, பாதிப் பேர் ப பிடித்து நிற்க, வெறும் அதை மட்டும் செய்யலாம்.

ஐந்து கேரலை மூன்றாகக் குறை. எல்லோரும் ஒரே குரலில் பாடும் ஒன்று, ஒரு குழு பின்தொடரும் சுற்றுப்பாட்டு ஒன்று, நிஜமான இரண்டு குரலில் ஒன்று. அக்டோபரிலேயே வார்த்தைகள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும், ஏனென்றால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்து உன் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும்.

“எட்டாம் வகுப்புப் பையன்கள் ஜூலை வரை அருமையாகப் பாடினார்கள். இப்போது நான்கு பேருக்குக் குரல் பிசிறடிக்கிறது, மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அந்த நான்கு பேரும் வர மறுக்கிறார்கள். குரல் திரும்பி வரும்வரை பாட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?” (ஆசிரியர், மதுரை)

வேண்டாம் தம்பி. குரல் எங்கேயும் போகவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. குரல்வளை வளர்ந்து குரல் நாண் நீண்டு தடித்து, ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே போய் நிற்கும். நம் ஆட்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) கட்டிய பையன்களுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷம் போய்விடும், நேற்றுவரை கைதட்டு வாங்கியவன் ஓரமாக நிற்பான். மதுரையில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பையன்களை வைத்து நாடகக் குழு நடத்திய ஊர். உங்கள் கொயர் நாடகக் கம்பெனி இல்லை, யாருடைய வேஷத்தையும் பிடுங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

அந்த நாலு பேரையும் தனியாக உட்காரவைத்து இதை அப்படியே விளக்குங்கள், பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாராவது கூச்சமில்லாமல் சொன்னால் பெரிய நிம்மதி. பழைய மேல் ஸ்வரங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இப்போது அவர்களிடம் வசதியாக ஐந்தாறு ஸ்வரம்தான் இருக்கும், அது எந்த ஐந்தாறு என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஸ்வரங்களுக்குள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பாட்டு முழுக்க ஸவையும் பவையும் மாறி மாறிப் பிடித்து நிற்பதுகூட ஒரு வரிதான், கொயருக்கே அடித்தளம் போட்ட மாதிரி இருக்கும். சிரிக்கிற மற்ற பையன்களுக்கு அடுத்த வருஷம் இதே நடக்கப்போகிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.

“வாரம் இரண்டு பீரியட் எனக்கு. அதையும் கணக்கு டீச்சர் போர்ஷன் முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். யாரிடம் சொல்வது?” (வாசகி, திண்டுக்கல்)

யாரிடமும் புகார் போகாதீர்கள், முதல் வருஷத்தில் அது திரும்பி உங்கள் மேல்தான் விழும். அவரிடமே போய், “இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் உங்கள் ஒரு பீரியடில் இருபது நிமிஷம் எனக்குக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அதோடு காலை பிரேயருக்கு முன்னால் பத்து நிமிஷம் வாங்கிவிடுங்கள். தினம் பத்து நிமிஷம் பாடுகிற கொயர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பாடுகிற கொயரை விட நன்றாக இருக்கும், இதை நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

“எங்கள் பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தை ரெக்கார்டில் போடுகிறார்கள். பிள்ளைகளையே பாடவைக்க அனுமதி வாங்கினேன். ஆனால் இழுத்து இழுத்துப் பாடி ஒன்றரை நிமிஷம் ஆகிவிடுகிறது.” (ஆசிரியை, விழுப்புரம்)

அனுமதி வாங்கியதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். மனோன்மணீயம் சுந்தரனாரின் அந்தப் பாட்டை மாநிலப் பாடலாக 2021 டிசம்பரில் அறிவித்தபோது, மோகன ராகத்தில், மூன்றன் நடையில் (ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணும் தாளம்), 55 விநாடியில் பாட வேண்டும் என்றே அரசாணையில் சொல்லியிருக்கிறார்கள். இழுபடுவதற்குக் காரணம் மூச்சு. வரி முடிகிற இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டியபோது மூச்சு எடுக்கிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த வரி அரை விநாடி தாமதம். எல்லா வரியிலும் இப்படிச் சேர்ந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரும்பலகையில் பாட்டை எழுதி மூச்சு எடுக்கும் இடங்களில் சிவப்பு சாக்பீஸில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் பாட்டே வேண்டாம், வார்த்தைகளை மட்டும் ஒன்று-இரண்டு-மூன்று என்று தொடையில் தட்டிக்கொண்டு தாளத்தில் சொல்லட்டும், கோடு வந்தால் எல்லோரும் ஒன்றாக மூச்சு. அப்புறம் பாடவிடுங்கள்.

“சர்ச்சிலும் பள்ளியிலும் கொயர் எடுக்கிறேன். கீர்த்தனைகளுக்கு ஹார்மனி போட்டால் பெரியவர்கள் திட்டுகிறார்கள், போடாவிட்டால் இளைஞர்கள் போரடிக்கிறது என்கிறார்கள்.” (வாசகர், தஞ்சாவூர்)

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்ந்த ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். அவர் கீர்த்தனைகள் ராகத்தில் பிறந்தவை. ராகத்தில் ஒரு ஸ்வரம் அசைந்து வளைந்து அடுத்ததற்குப் போகும், ஹார்மனியில் ஸ்வரம் நேராக நின்றால்தான் கீழே இருக்கும் மூன்று குரலும் அதோடு சேரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் கமகமும் (அந்த அசைவு) போகும், ஹார்மனியும் கலங்கும். பெரியவர்கள் திட்டுவது வெறும் பழமைப் பிடிவாதம் இல்லை, அவர்கள் காது சரியாகத்தான் கேட்கிறது.

நான் செய்தது இதுதான்: கீர்த்தனை முழுவதும் ஒரே குரல், அடியில் ஆண்கள் ஸவும் பவும் பிடித்து தம்புரா மாதிரி நிற்பார்கள். பாமாலைக்கு (மேல்நாட்டு மெட்டில் வரும் சர்ச் பாட்டுகள்) முழு நான்கு குரல். இளைஞர்களின் ஆசைக்கு அங்கே இடம் இருக்கிறது. ஒன்று கவனித்தீர்களா, நம் சர்ச்களுக்கு வந்த டானிக் சோல்ஃபா (டோ-ரே-மி என்று பாடும் முறை), பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வென் வளர்த்தது, அதில் டோ எந்தக் கட்டையிலும் நிற்கும், நம் ஸ மாதிரியே. ஆகவே சரளி தெரிந்த பிள்ளைக்கு சோல்ஃபா கற்றுக்கொடுக்க ஒரு மாதம்கூட ஆகாது. தமிழ்ப் பாட்டுக்குப் பல குரல் பொருந்தாது என்றும் நான் சொல்லவில்லை. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் 1970களில் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்து பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாடவைத்தார். அவர் அதற்கென்றே மெட்டமைத்தார், ஏற்கெனவே இருந்த கீர்த்தனை மேல் கொண்டுபோய் ஒட்டவில்லை.

“செப்டம்பரிலேயே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டு, மிளகு, எல்லாம் ஆயிற்று. நாலு வாரமாகிறது.” (ஆசிரியை, கோயம்புத்தூர்)

நாலு வாரமா? இதைப் படித்துவிட்டு நாளைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் குரல் நாணைப் பார்த்துவிட வேண்டும், கைவைத்தியத்தில் காலம் தள்ளக் கூடாது. பனங்கற்கண்டு இதமாக இருக்கும், ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல் நாண் மேல் படுவதில்லை, அது வேறு பாதை. அதுவரை கிசுகிசுத்தும் பேசாதீர்கள், அதுவும் சிரமம்தான். பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கத்துவதை விட்டுவிட்டு ஒரு தாளக்கட்டைக் கைதட்டுங்கள், அவர்கள் திரும்பத் தட்டட்டும், மூன்றாவது தட்டில் வகுப்பு அடங்கிவிடும். அப்புறம், பிள்ளைகள் பாடும்போது கூடவே பாடாதீர்கள். பாடிக் காட்டுங்கள், வாயை மூடுங்கள், கேளுங்கள். கூடவே பாடினால் உங்களுக்குக் கேட்பது உங்கள் குரல் மட்டும்தான்.

“நான் டீச்சர் இல்லை. வயது 61, ஓய்வு பெற்றவன். நாலாம் வகுப்பில் பாட்டு டீச்சர் ‘நீ பாடாதே, கெடுத்துவிடுகிறாய்’ என்றார். அதிலிருந்து ஆராதனையில்கூட வாய் திறந்ததில்லை. போன மாதம் பேத்தியைத் தூங்கவைக்கப் பாடினேன், அவள் இன்னொரு தடவை என்றாள். எங்கள் சர்ச் கொயரில் பேஸுக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த வயதில் போகலாமா?” (வாசகர், தூத்துக்குடி)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த டீச்சர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதைக் கேட்கக் கடமைப்பட்டவள் நான்.

போங்கள். இந்த சனிக்கிழமை ப்ராக்டிஸுக்கே போங்கள். பத்து நிமிஷம் முன்னால் போய் கொயர் மாஸ்டரைத் தனியாகப் பார்த்து, நாலாம் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் குரலுக்கு வசதியான ஸ்வரத்தில் ‘ஊ’ என்று நிற்கச் சொல்லி அவர் சேர்ந்து நின்றால் நல்ல ஆள், நம்பிப் பாடலாம். பேஸ் வரிசையில் ஓரத்தில் நிற்காதீர்கள், ரொம்ப நாளாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் இடம் கேளுங்கள், இரண்டு காதிலும் சரியான ஸ்வரம் விழும். முதல் மாதம் மெதுவாகப் பாடினால் போதும், ஆனால் சத்தம் வரட்டும். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும், மூச்சு எடுக்கும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ள.